புற்றுநோய் மருந்தும் மலைக்காட்டு மூலிகையும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக அட்டனை நோக்கி ஏறும் பெருந்தெருவிலே, மலைநாட்டுக்கு ஒரு தலைவாயில் போல அமைந்துள்ளது கினிகத்தேனை. ஊர்ப்பெயர் தேனை நினைப்பூட்டினும் தேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிங்களத்தில் ‘கினி’ என்பது தீ. ‘கத்’ என்பது பற்றிய என்னும் பொருட்டு. ‘ஹேன’ என்பது காடு வெட்டிச் சுட்டுப் பயிரிடும் சேனை. தீப்பற்றிய சேனை என்பதே பெயரின் பொருள். முதலிற் சேனைக்காகவும், பின்னர்க் கோப்பிக்காகவும், 1869 ஆம் ஆண்டளவில் வந்த இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடு அழிந்தது. எஞ்சியது மலையுச்சிகளிலும் ஆற்றோரங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அவ்வெஞ்சிய காட்டைப் பற்றியும் அதிலே மனிதர் தேடும் ஒருவகை மருந்தைப் பற்றியுமே இங்கு எழுதப் புகுகின்றேன்.

விழாமலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். இரசாயனத்திற்கும் எனக்கும் உள்ள உறவு, நம் கல்லூரி ஆய்கூடத்திலே நான் உடைத்த இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு முடிந்தது என்பதை என் வகுப்புத் தோழர்கள் அறிவர். ஆயினும் ஆறு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்த ஒரு சிறுவன் இப்பொருளை எனக்குக் கட்டாய பாடமாக்கிவிட்டான்.

ஆறாம் வகுப்பு மாணவன் அவன். தாய் அயல் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். ஓயாத காய்ச்சலும் வெளிறிய முகமுமாய் இருந்தவன், ஒருநாள் மூக்கிலிருந்து நில்லாது குருதி வடிய வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனையிற் சோதித்தபோது குருதிப் புற்றுநோய் என்றனர். சில வாரங்களின்பின் நான் அவனைப் பார்க்கச் சென்றிருந்தேன். அப்பொழுது மருத்துவத்தாதி ஒருவர் சின்னஞ்சிறு குப்பியொன்றைக் கொணர்ந்தார். அதன் பெயர் வின்கிறிஸ்டீன் என்றும், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்றும் அங்கிருந்த இளம் வைத்தியர் விளக்கினார். பக்கத்தில் நின்ற பாட்டி என்னை நோக்கி, “என்ன சேர் சொல்லுறாங்க, சுடுகாட்டுப் பூவா எம் பேரன் உசிரக் காப்பாத்தப் போகுது?” என்று கேட்டார்.

அவர் கேட்டதிற் பிழையில்லை. நித்தியகல்யாணி என்பது மங்கலப்பெயர். ஆனால் அதே செடிக்குச் சுடுகாட்டுமல்லி என்றும் பெயருண்டு. சிங்களத்தில் ‘மினீமல்’ என்பர். பிணப்பூ என்பது பொருள். நீரின்றியும் கவனிப்பாரின்றியும் மயானக்கரையிலே பூத்துக் கிடப்பதாற் பெற்ற பெயர்கள் போலும். பிறந்தகம் மடகாசுகர்த் தீவாயினும், வெப்பநாடுகளெங்கும் பரவி, லயத்து முற்றங்களிலும் நம்மோடு குடியேறிவிட்டது.

அப்பூவிலிருந்து மருந்து பிறந்த வரலாறு, தேடியது ஒன்று கிடைத்தது வேறொன்று என்னும் வகையைச் சேர்ந்தது. 1952 ஆம் ஆண்டில் ஜமேக்காத் தீவிலிருந்த ஒரு வைத்தியர், கனடாவில் வாழ்ந்த மருத்துவரான கிளாக் நோபிள் என்பாருக்கு ஓர் உறையில் 25 இலைகளை அனுப்பினார். நீரிழிவுக்கு அங்குள்ளோர் இவ்விலையை அவித்துக் குடிக்கின்றனர் என்பது செய்தி. கிளாக் அவற்றைத் தம் தம்பி இராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்திலே இராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குருதியில் வெல்லம் குறையவில்லை. சாறு ஏற்றப்பட்ட எலிகளோ தொற்றுநோய் கண்டு இறந்தன. ஆராய்ந்தபோது அவற்றின் குருதியில் வெண்கலங்கள் பெரிதும் குறைந்திருந்தன. மற்றொருவராயின் தோல்வி எனக் கணக்கெழுதி மூடியிருப்பர். வெண்கலங்களை இவ்வாறு குறைக்கும் பொருள், அக்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகும் குருதிப் புற்றுநோயையும் குறைக்குமன்றோ என நோபிள் எண்ணினார். சார்ல்சு பியர் என்னும் இரசாயனவியலார் அவருடன் சேர்ந்து, 1958 அளவில் வின்பிளாஸ்டீனைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் வேறு வழியில் அதே செடிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே சுவோபோடா என்பவர் குழுவினர் கண்டெடுத்ததே வின்கிறிஸ்டீன். 1963 இல் அஃது அங்கு அங்கீகாரம் பெற்றது. 1960 க்கு முன் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிற் பத்தில் ஒன்று நெடுநாள் வாழ்ந்தால் அரிது. இன்று வசதி மிக்க நாடுகளிலே பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. வின்கிறிஸ்டீன் தனித்து இதைச் செய்யவில்லை. பல மருந்துகளை ஒழுங்குமுறைப்படி சேர்த்துக் கொடுத்ததன் பயன் இது. எனினும் அச்சேர்க்கையில் இன்றும் நீங்காத உறுப்பு அது.

அஃது எவ்வாறு வேலை செய்கின்றது? உயிர்க்கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது, தன் மரபுப் பொருளை இரு பங்காக்கி எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொள்ளுதல் வேண்டும். இழுப்பதற்கு மெல்லிய புரத இழைகள் அந்நேரத்தில் நூற்கப்படுகின்றன. வின்கிறிஸ்டீன் அந்நூற்பைத் தடுக்கின்றது. இழையில்லாக் கலம் நடுவழியில் நின்று இறக்கின்றது. புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பிரிபவையாதலின் அடி அவற்றுக்கே மிகுதி. ஆனால் மயிர்க்காலும் குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் பிரியும் இயல்புடையனவே. ஆதலாற்றான் இத்தகைய மருந்துகளால் முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், குருதிக்கலம் குறைவதும் நேர்கின்றன.

இவ்விடத்தில் தமிழாசிரியனின் பழக்கம் சற்றுத் தலைகாட்டுவதைப் பொறுத்தல் வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகின்றார் என்பது நாம் பள்ளியிற் படித்தது. அவ்வரிசையில் முதலில் நிற்பது காந்தள். கார்த்திகைப்பூ என்று நாமும், ‘நியங்கலா’ என்று சிங்களரும் வழங்கும் அச்செடியின் கிழங்கு கொடிய நஞ்சு. நஞ்சாவது கொல்ச்சிசீன் என்னும் பொருள். அதன் தொழிலும் மேற்சொன்ன புரத இழை நூற்பைத் தடுப்பதே! ஆயினும் புற்றுநோய்க்கு அது மருந்தாகவில்லை. நோயைக் கொல்லும் அளவுக்கும் நோயாளியைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி போதவில்லை. ‘கௌட்’ என்னும் மூட்டுநோய்க்கு மிகச் சிறிய அளவிற் பயன்படுகின்றது. அதன் பொருட்டு இன்று தமிழ்நாட்டின் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளிற் காந்தளை வயற்பயிராகவே வளர்த்து விதையை ஏற்றுமதி செய்கின்றனர். ஒரே இழையைத் தொடும் இரு செடிகளில் ஒன்று மருந்தாகவும் மற்றது நஞ்சாகவும் நின்றமை, இத்தேட்டம் எத்துணை நுண்ணியது என்பதைக் காட்டும்.

அளவின் நுண்மையையும் பாருங்கள். ஓர் அவுன்சு வின்கிறிஸ்டீன் எடுக்க 15 தொன் வரை இலை வேண்டியிருந்தது என்பர். நோயாளிக்கு ஒரு முறை ஏற்றப்படும் அளவோ பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேற்படாது. நாளத்துக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் தசை வெந்துவிடும். பாட்டி ஊருக்குத் திரும்பியதும் பூவைப் பறித்து அவித்துக் கொடுக்கலாமா என என்னைக் கேட்டார். கூடவே கூடாது என்று சொல்லி, அன்றே பிள்ளையின் தாயிடமும் அதனை வற்புறுத்தினேன்.

நித்தியகல்யாணி எங்கும் கிடைப்பது. அரிய செடியொன்றில் மருந்து ஒளிந்திருந்தால் நிகழ்வது வேறு. இதற்கு நம் அயலிலேயே ஒரு சான்றுண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகெங்குமிருந்து செடிகளைத் திரட்டிச் சல்லடையிட்டது. 35,000 அளவான இனங்கள். 114,000 அளவான சாறுகள். இத்தனையிலும் மருந்துக்கடை வரை வந்து சேர்ந்தவற்றை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றுட் சிறந்த இரண்டு, மொன்றோ வோல் என்னும் அமெரிக்கரும், மகாராட்டிரத்து நந்துர்பாரிற் பிறந்த மன்சுக் வானி என்பாரும் வட கரோலினாவிலுள்ள ஆய்வு நிலையத்திற் கண்டவை. ஒன்று பசிபிக் கரையோரத்து ஊசியிலை மரப்பட்டையிலிருந்து வந்த டாக்சோல். மற்றது 1966 இல், சீனர் ‘இன்ப மரம்’ எனப் போற்றும் மரத்தின் கட்டையிலிருந்து எடுத்த கம்ப்டோதெசின்.

கம்ப்டோதெசின் செய்யும் வேலையைப் பனைநார்க் கயிறு திரித்துப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வர். முறுக்கிய இருபுரிக் கயிற்றை நடுவிற் பிரித்தால் இரு பக்கமும் முறுக்கேறி இறுகும். நம் கலங்களிலுள்ள மரபுப் பொருளும் இருபுரிக் கயிறே. அது படியெடுக்கப்படும்போது ஏறும் முறுக்கைத் தளர்த்த ஒரு நொதியம் உண்டு. அது ஒரு புரியை வெட்டி, முறுக்கைச் சுழலவிட்டு, மீண்டும் ஒட்டிவிடும். கம்ப்டோதெசின் அவ்வெட்டு வாயிலிலே ஆப்புப் போற் புகுந்து ஒட்டவிடாமற் செய்கின்றது. வெட்டு வெட்டாகவே நிற்க, கலம் மடிகின்றது. இவ்வுண்மை 1985 இலேதான் தெளிவாயிற்று. அதற்கு முன்னர், 1970 களின் தொடக்கத்தில் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையிற் குருதி கசிந்து பெருந்தீங்கு விளைந்தது, சோதனை கைவிடப்பட்டது. நொதியத்தின் கதை தெரிந்தபின் மூலக்கூற்றைச் சற்றே திருத்தி, இரினோட்டீக்கன், டொப்போட்டீக்கன் என இரு மருந்துகள் செய்தனர். முன்னது 1994 இல் யப்பானிலும், பின்னது 1996 இல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றன. பெருங்குடற் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் அவை வழங்கப்படுகின்றன. கண்டுபிடித்த நாளிலிருந்து நோயாளியின் கைக்கு வர முப்பது ஆண்டு சென்றது என்பதைக் கருதுக.

இக்கதையில் நம்மவர் ஒருவர் வருகின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராய் விளங்கி, பின்பு பம்பாய்ச் சீபா ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை ஏற்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி அவர். 1972 இல் அவரும் விசுவநாதன் என்பாரும் மேற்குத்தொடர்ச்சி மலையிலுள்ள ஒரு சிறு மரத்தில் இதே கம்ப்டோதெசின் இருப்பதைக் கண்டனர். அதுவும் சீன மரத்தினும் மிகுந்த அளவில். தாவரவியலார் அன்று அதற்கு இட்ட பெயர் ‘மப்பியா பீட்டிடா’. பின்னது நாறுவது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இன்று ‘நொத்தபொடைட்டிசு நிம்மோனியானா’ என வழங்குவர். மராத்தியர் ‘நரக்யா’ என்பர். நாற்றத்தின் பொருட்டு யாரும் தீண்டாது விட்ட மரம் அது. இலங்கைக் காடுகளிலும் அஃது உண்டு.

மருந்துக்குச் சந்தை பிறந்தபின் அம்மரத்துக்கு வந்தது கேடு. இலையைப் பறித்தால் மரம் மீண்டும் தளிர்க்கும். ஆனால் தேடப்பட்ட பொருள் வேரிலும் தண்டிலும் மிகுதி. ஆகவே மரத்தையே வெட்டி, வேரையும் தோண்டி, சீவிப் பொதிசெய்து ஏற்றினர். விறகுக்கும் உதவாதென்று இருந்த மரம் மகாராட்டிர, கன்னடக் காடுகளிற் சில பத்தாண்டுகளுள் அருகிவிட்டது. வெட்டியவர் பெற்ற கூலி அற்பமே. இலாபம் கடல்கடந்து போயிற்று. தேயிலையின் வரலாறு அறிந்த நமக்கு இது புதுக்கதையன்று.

ஆய்வாளர் மாற்றுவழி தேடாமலில்லை. 2005 இல் ஜம்முவிலிருந்த குழுவொன்று, அம்மரத்தின் உட்பகுதியில் ஊறுசெய்யாது வாழும் பூஞ்சணம் ஒன்று தானும் கம்ப்டோதெசினை ஆக்குகின்றது எனக் காட்டியது. பூஞ்சணத்தைக் கலத்தில் வளர்த்து மருந்தெடுத்தால் மரம் பிழைக்குமே என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் மரத்தை விட்டுப் பிரித்து வளர்க்க வளர்க்கப் பூஞ்சணம் தன் கைவேலையை மறந்துவிடுகின்றது; விளைச்சல் தலைமுறைக்குத் தலைமுறை குறைகின்றது. டாக்சோலுக்கு நல்ல முடிவு கிட்டியது. முதலில் மரப்பட்டை உரித்தே எடுத்தனர். உரித்த மரம் பட்டுப்போயிற்று. பின்னர் வேறோர் உறவு மரத்தின் இலையிலிருந்து மூலப்பொருளைப் பெற்று முடிக்கும் முறை தோன்றிற்று. இலை உதிர்ந்தாலும் மரம் நிற்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிற் பூக்கும் தாவரங்களில் நான்கிலொரு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராதவை. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சுல்தான்பாவாவும் அவர்வழி வந்தோரும் இந்நாட்டு மரப்பட்டைகளின் இரசாயனத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். அங்கே கற்பித்த லெஸ்லி குணதிலக பின்னர் அமெரிக்காவின் அரிசோனாவுக்குச் சென்று, நாம் அமுக்கரா என வழங்கும் செடியின் விதாபெரின் என்னும் பொருளைப் புற்றுநோய் நோக்கில் ஆழ்ந்து ஆராய்ந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகத்து உயிர் இரசாயன நிறுவனத்தார், இலங்கைக்கே உரிய ‘புபுல’ என்னும் செடியிலிருந்து வேர்னோலக்டோன் என்னும் பொருளைப் பிரித்து, புற்றுநோய்க் கலங்களில் அதன் வினையை 2019 இல் வெளியிட்டனர்.

என் மனத்தைக் கவர்ந்தது மற்றோர் ஆய்வு. நாட்டு வைத்தியக் குடும்பமொன்று தலைமுறையாகப் புற்றுநோயாளருக்குக் கொடுத்துவந்த கசாயம் ஒன்று உண்டு. கருஞ்சீரகம், நன்னாரி வேர், சிங்களத்தில் ‘சீன அல’ எனப்படும் பறங்கிப்பட்டை இனத்துக் கிழங்கு ஆகிய மூன்றுமே சரக்குகள். பேராசிரியர் ஐரா தாப்ரூவும் சகாக்களும் இதனை எள்ளி ஒதுக்கவுமில்லை, கைகூப்பி ஏற்கவுமில்லை, சோதித்தனர். ஈரலிற் புற்றுநோயைத் தூண்டும் நச்சுப்பொருளை எலிகளுக்குக் கொடுத்து, ஒரு சாராருக்குக் கசாயமும் கொடுத்தனர். கசாயம் பெற்ற எலிகளின் ஈரலிலே தீய மாற்றங்கள் குறைந்திருந்தன என 2003 இல் அறிவித்தனர். பின்னர் மனித ஈரற் புற்றுநோய்க் கலங்களை ஆய்கூடத்தில் வளர்த்து அவற்றின்மேற் கசாயத்தை இட்டபோது, அளவு ஏற ஏறக் கலங்களின் பெருக்கம் தடைப்பட்டது என 2005 இல் எழுதினர்.

இச்செய்தியைப் படிக்கும்போது நாம் நிதானம் இழத்தல் கூடாது. கண்ணாடித் தட்டிலுள்ள கலத்தைக் கொல்வது அரிதன்று. உப்பை அள்ளிப் போட்டாலும் அது சாகும். குடித்த பொருள் குடலிற் சிதையாது குருதியிற் சேர்ந்து, ஈரலைக் கடந்து, கட்டி இருக்குமிடத்தைப் போதிய அளவில் அடைந்து, நல்ல கலங்களை விட்டுத் தீயவற்றைத் தாக்குதல் வேண்டும். எலியில் நிகழ்ந்தது மனிதரில் நிகழாமலும் போகும். அதனை அறிய, ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட நோயாளர் குழுக்களில் ஆண்டுக்கணக்காகச் சோதித்தல் வேண்டும். ஆய்வாளர் தாமும் தம் முதற் கட்டுரையைத் தொடக்க ஆய்வு என்றே குறித்தனர். அச்சொல்லைத்தான் செய்தித்தாள்கள் விட்டுவிடுகின்றன.

விட்டுவிடுவதால் நேர்வதை நான் கண்ணாற் கண்டேன். என் தமக்கை முறையான ஒருவருக்கு மார்பிலே சிறு கட்டி கண்டது. நெல்லிக்காயளவு கூட இல்லை. கத்தி வைத்தாற் பரவும் என்று யாரோ அஞ்சுவித்தனர். தொலைவூர் ஒன்றிலுள்ள ஒருவர் காட்டு மூலிகையால் கரைத்துவிடுவார் எனக் கேள்விப்பட்டு அங்கே போனோம். போனோம் என்று ஏன் மழுப்ப வேண்டும்? மாதந்தோறும் பேருந்தேறிச் சென்று பொதியை வாங்கி வந்தவன் நானே. பொதியில் என்ன இருந்தது என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஐயம் திரிபறக் கற்க வேண்டும் என்று சொல்லி வருபவன் நான். எட்டு மாதம் கழிந்து மருத்துவமனையை அடைந்தபோது, நோய் எலும்புக்குப் போய்விட்டது என்றனர். முதலில் வந்திருந்தால் என்று வைத்தியர் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவ்வாண்டு மார்கழியில் அக்கா காலமானார்.

கொடுத்தவர் பொய்யர் என்று நான் சொல்லத் துணியேன். தாம் கொடுப்பது குணப்படுத்தும் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். அவருடைய செடியிலும் ஒரு மூலக்கூறு ஒளிந்திருக்கவும் கூடும். ஆனால் அக்காவின் கட்டி அதற்காகக் காத்திருக்கவில்லை.

செடியாற் புற்றுநோய் தீர்வதைப் பேசும் நாம், செடியாற் புற்றுநோய் வருவதையும் ஒரு சொல்லில் நினைத்தல் தகும். இலங்கை ஆடவரிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய் எனப் பதிவேடுகள் பல்லாண்டாகக் காட்டி வருகின்றன. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு அதற்குத் தலையாய காரணம். புகையிலை இன்றியும் பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வகம் 2004 இல் வகைப்படுத்தியது. குளிரும் அட்டையும் நிறைந்த மலையிலே நாள் முழுதும் நிற்பவர்க்கு வாயிலிட்ட வெற்றிலை ஒரு துணை என்பதை நான் அறிவேன். ஆயினும் வாயினுள்ளே ஆறாத வெண்படலமோ புண்ணோ கண்டால் உடனே காட்டுமாறு, மாணவர் வழியாக வீடுகளுக்குச் சொல்லியனுப்புகின்றேன்.

எங்கள் பக்கத்துக் காட்டிலே நான் நேரில் அறிந்த அரிய மூலிகை மரமஞ்சள். சிங்களத்தில் ‘வெனிவெல்’. கொத்தமல்லியுடன் சேர்த்து அவித்துக் காய்ச்சலுக்குக் குடியாத வீடு இங்கில்லை. பருத்த கொடி, வெட்டினால் உட்கட்டை பொன்மஞ்சளாய்ப் பளிச்சிடும். அம்மஞ்சள் பெர்பெரீன் என்னும் பொருளின் நிறம். அதுவும் புற்றுநோய்க் கலங்களில் ஆராயப்படுகின்றது. மருந்தென்று அங்கீகாரம் பெறவில்லை. இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. மெல்ல வளர்வது, விதை பிடிக்க இரண்டும் அருகருகே இருத்தல் வேண்டும். ஒன்றை வெட்டி மூட்டையாக்கினால் மற்றது மலடாய் நிற்கும். கடையிற் கிடைக்கும் வெனிவெல் துண்டு எக்காட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கின்றார். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காப்புக்காடு, 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. எல்லைக்கல்லை மரம் வெட்டுவோனும் அறிவான். அவனுக்கு வேறு பிழைப்பு வாய்த்தாலன்றி எல்லைக்கல் மட்டும் கொடியைக் காவாது.

காடு இருந்தாலும் செடியை அடையாளம் காட்டுவார் வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் பூக்களுட் பல இன்று எவை என்று உரையாசிரியர்க்கே உறுதியில்லை; பெயர் இருக்கின்றது, பூ தெரியவில்லை. மலைக்காட்டில் நிலைமை மாறானது. பூ இருக்கின்றது, பெயர் போய்க்கொண்டிருக்கின்றது. ஒரே பெயர் இரு செடிக்கும், ஒரே செடிக்கு ஐந்து பெயரும் வழங்கும்போது, ஆய்வாளர் தவறான செடியை அரைத்துவிட்டு ‘பயனில்லை’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திரைமன், 1893 தொடக்கம் வெளியான தம் இலங்கைத் தாவர நூலிலே செடிகளின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தாம் கேட்டவாறு குறித்துச் சென்றார். தோட்டத்து லயங்களில் வழங்கிய பெயர்கள் அதிற் பெரிதும் ஏறவில்லை.

ஆகவே சென்ற இரண்டு ஆண்டுகளாக எங்கள் பாடசாலை மாணவர் ஒரு சிறு வேலை செய்கின்றனர். தோட்டத்து மூதாட்டியர் மூலிகை என்று காட்டும் செடியின் பூவும் இலையும் கூடிய ஒரு சிறு கிளையைப் பழைய செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, மட்டையில் ஒட்டி, இடம், நாள், சொன்ன பெயர், சொன்ன பயன் என எழுதுகின்றனர். அரிய செடியாயின் கிள்ளாமற் படம் மட்டும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இப்பணிக்குத் தலைவன், முதலிற் சொன்ன அச்சிறுவனே. மூன்றாண்டுச் சிகிச்சை முடிந்து, மயிர் அடர்ந்து, இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றான். நித்தியகல்யாணிக்குரிய மட்டையிற் ‘பயன்’ என்னும் இடத்தில் அவன் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். நான் திருத்தவில்லை.

சென்ற மாதம் அவனுடைய பாட்டி ஓடைக்கரையில் ஒரு கொடியைக் காட்டி, ‘ஈரக்கொல்லி’ என்றார். எந்த அகராதியிலும் அச்சொல் எனக்கு அகப்படவில்லை. யாருக்கு, எந்நோய்க்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். தம் தாயார் சொல்லக் கேட்டதுண்டு, கொடுத்ததைப் பார்த்ததில்லை என்றார். பூ இல்லாத காலமாதலால் மட்டையில் இலை மட்டும் இருக்கின்றது. பூத்ததும் பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொண்டுசெல்ல எண்ணியுள்ளோம். பூ எப்போது வரும் என்று பார்த்துவர, ஒவ்வொரு வெள்ளியும் இருவர் ஓடைக்குப் போகின்றனர்.